மதுரைக் குன்றுகளில் நடையும் பாதைப் பராமரிப்பும்: ஆர்வத்தில் செய்துவிடும் தவறுகள்

சமணர் மலை, யானைமலை, நாகமலை, மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி, கீழவளவு, மாங்குளம் என்று மதுரையைச் சுற்றி இத்தனை குன்றுகள் இருப்பது நமக்குக் கிடைத்த பாக்கியம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கூட்டமாக ஏறுவதோடு நிற்காமல், குப்பை பொறுக்குவது, முள் வெட்டுவது, பாதையைச் சரிசெய்வது என்று இறங்கி வேலை செய்கிறவர்களும் பெருகி வருகிறார்கள். மனசாரப் பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் இந்தக் குன்றுகளுக்கு வரும் சேதத்தில் ஒரு பங்கு, நல்லது செய்ய வருகிறவர்கள் அவசரத்தில் செய்யும் வேலையால் வருகிறது. யாரையும் கேட்காமல், தேவைக்கு மேல், திருத்தவே முடியாத மாதிரி செய்துவிடுகிறோம். அதைத் தவிர்க்கத்தான் இந்தக் குறிப்புகள்.

முதல் தவறு, குன்றை யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று நினைத்துக்கொள்வது. சமண முனிவர்களின் கற்படுக்கைகளும் புடைப்புச் சிற்பங்களும் உள்ள குன்றுகளில் பல தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. அழகர்மலை, சிறுமலை போன்றவை காப்புக்காடுகள். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. வெயில் காலத்தில் காட்டுப் பாதைகளை மூடும்போது, 'தெரிந்த ஆள் இருக்கிறார், போய்விடலாம்' என்று கிளம்பவே கிளம்பாதீர்கள்.

இதற்கெல்லாம் மேல், ஊர் இருக்கிறது. ஏறக்குறைய எல்லாக் குன்றின் அடியிலும் ஒரு அய்யனாரோ கருப்பசாமியோ முனியாண்டியோ காவல் இருக்கிறார். கோயில்காட்டில் ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்க மாட்டார்கள். அங்கே நாம் அரிவாளோடு போய் 'சுத்தம்' செய்ய ஆரம்பித்தால் சண்டைதான் வரும், நியாயமும் அவர்கள் பக்கம்தான் இருக்கும். வேலைக்கு நாள் குறிக்கும் முன்பே ஊர்ப் பெரியவர்களையும் பஞ்சாயத்துத் தலைவரையும் போய்ப் பாருங்கள். ஆடு மேய்க்கிறவர்களிடமும் பேசுங்கள். எந்த இடத்தில் கல் பெயர்ந்து கிடக்கிறது, எந்தச் சுனையில் எந்த மாசம் வரை தண்ணீர் நிற்கும், எந்தப் புடவில் (பாறைக் குடைவில்) தேன்கூடு இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

அடுத்தது நேரம். எட்டு மணிக்கு அடிவாரத்தில் கூடி, டீ குடித்து, போட்டோ எடுத்து ஒன்பதுக்கு ஏற ஆரம்பிப்பது பங்குனி, சித்திரையில் ஆபத்து. மொட்டைப் பாறையில் நிழல் கிடையாது. வெயில் தலையில் இறங்குவது போதாதென்று, காய்ந்த பாறையும் கீழிருந்து அனலடிக்கும். ஆறு மணிக்கு முதல் அடி வைத்து, ஒன்பதுக்குள் இறங்கிவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வேறு கவலை. மழை பெய்த பாறையில் பாசி வழுக்கும், மேகம் கருத்தால் இடி மின்னலுக்கு ஒதுங்க மேலே இடமிருக்காது. தூறல் விழுந்தாலே இறங்கிவிடுங்கள்.

கூட்டமாகப் போகும்போது வேகமாக நடப்பவர்களை முன்னே விட்டால், மெதுவாக நடப்பவர் தனியாகிவிடுவார். பாதை தெரிந்தவர் ஒருவர் முன்னே, பொறுப்பான இன்னொருவர் எல்லோருக்கும் கடைசியில். கடைசி ஆளைத் தாண்டிப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுங்கள். செருப்போடு வந்தவரை அடிவாரத்திலேயே நிறுத்திவிடுவது கடுமையாகத் தோன்றினாலும் அதுதான் சரி. யாரையாவது பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் தூக்கி வந்து, 108க்குச் சொல்லி, அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

தேனீயைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். செங்குத்தான பாறை முகங்களில் தொங்கும் பெரிய கூடுகள் மலைத்தேனீக்களுடையவை. புகை, வெடிச் சத்தம், கல்லெறி, பக்கத்தில் பறக்கும் ட்ரோன், எது கிளப்பினாலும் கூட்டமாக வந்து கொட்டும். குப்பையை அங்கேயே கொளுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால், தீ பரவும் பயத்தோடு இதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். கிளம்பிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு, கையை வீசாமல், கூட்டை விட்டு விலகி எவ்வளவு தூரம் ஓட முடியுமோ ஓடுங்கள்.

சரி, பராமரிப்பு வேலைக்கு வருவோம்.

புதிதாக வருகிறவர்கள் வழி தவறக் கூடாது என்று பாறையில் பெயின்டால் அம்புக்குறி போடுவது பரவலாக நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சமணர் மலையின் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக எட்டுப் புடைப்புச் சிற்பங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்துகள். மாங்குளம் குகைகளில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் சொல்லும் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டுகள், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையவை. எந்தப் பாறையில் எழுத்து இருக்கிறது, எதில் இல்லை என்று நமக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், பெயின்டைச் சுரண்டி எடுக்கப் போனால் பாறையின் மேல்தோலும் சேர்ந்து வரும்.

கல்வெட்டில் இன்னொரு கெட்ட பழக்கம், படத்தில் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பள்ளங்களில் சாக்பீஸ் தேய்ப்பது. குகை முகப்பின் மேலே நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் விளிம்பிலேயே சொட்டிவிட அப்போதே செய்த ஏற்பாடு அது. எழுத்து பெரும்பாலும் அதை ஒட்டியே இருக்கும். அந்தக் காலத்தவர்கள் தண்ணீரிலிருந்து காப்பாற்றிய இடத்தை நாம் சுண்ணாம்புத் தூளால் தேய்க்கிறோம். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போதோ, டார்ச்சை ஒரு ஓரமாகச் சாய்த்துப் பிடித்தோ பாருங்கள். தொடாமலே எழுத்து எழுந்து நிற்கும்.

பாதையில் அதிகம் நடக்கும் தவறு குறுக்கு வழி. வளைந்து ஏறும் பாதையை விட்டுவிட்டு நேராக ஏறினால் ஐந்து நிமிஷம் மிச்சம். பத்துப் பேர் அப்படி ஏறினால் புல் செத்துத் தடம் விழும். அடைமழையில் தண்ணீர் அந்தத் தடத்தில் நேராக இறங்கி, மண்ணை அறுத்து, ஓடையாக்கிவிடும். அந்த மாதிரித் தடத்தை முள்ளும் கல்லும் போட்டு அடைப்பதுதான் தன்னார்வலர்கள் செய்யக்கூடிய முதல் வேலை. பாதையை அகலப்படுத்துவது, புல்லைச் செதுக்கி மொழுமொழுவென்று ஆக்குவது எல்லாம் எதிர்மறைப் பலனைத்தான் தரும். ஒரு ஆள் நடக்கிற அகலம் போதும்.

பாதையிலேயே தண்ணீர் ஓடி அரிக்கிறதென்றால், குறுக்கே நீளமான கற்களைச் சாய்வாகப் பதியுங்கள். நேர்க்குறுக்காக வைத்தால் தண்ணீர் தேங்கி, பிறகு கல்லைப் புரட்டிவிடும். சாய்வாக இருந்தால் பக்கத்துச் சரிவுக்கு வழிந்துவிடும். கல்லில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருக்க வேண்டும், வழிந்து விழும் இடத்தில் சரளை போட வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு குடம் தண்ணீரை மேலிருந்து ஊற்றிப் பாருங்கள், சரியாக வைத்தோமா என்று அப்போதே தெரிந்துவிடும். இதற்காகக் கண்ட இடத்தில் கல்லைப் பெயர்க்கக் கூடாது. கல்லுக்கு அடியில் தேளும் அரணையும் சுருட்டை விரியனும் குடியிருக்கும். வெறுங்கையை அடியில் விடாதீர்கள், கடப்பாரையால் நகர்த்துங்கள். தொல்லியல் சின்னங்களின் பக்கத்தில் இந்த வேலையைத் துறையின் அனுமதியில்லாமல் தொடவே வேண்டாம்.

சீமைக்கருவேலத்தை வெட்டுவதில்தான் உற்சாகம் அதிகம், உழைப்பு வீணாவதும் அதிகம். இடுப்பு உயரத்தில் வெட்டிவிட்டு வந்தால், அடுத்த மழைக்கு ஒரு தண்டு இருந்த இடத்தில் நாலைந்து தண்டு கிளம்பி நிற்கும். மழை பெய்து மண் இளகிய பிறகு வேரோடு தோண்ட வேண்டும். அதற்கு முன் மரத்தை அடையாளம் காண வேண்டும். நம்முடைய கருவேலம், வெள்வேலம், குடைவேலத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடுகிறார்கள். கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்தது போல் இடையிடையே இடுங்கியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ நீளமான கதிர், காய் அப்படி இடுங்காது. குடைவேலம் பெயருக்கேற்பக் குடை பிடித்து நிற்கும். சரிவான இடத்தில் சீமைக்கருவேலமே ஆனாலும் ஒரேயடியாகப் பிடுங்கினால் மண் சரியும், கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். வெட்டிய முள்ளை ஆட்டுப் பாதையில் போட்டுவிட்டு வந்தால் ஊரில் மறுபடி முகம் கொடுக்க மாட்டார்கள்.

வெட்டிய இடத்தில் மரம் நட்டே ஆக வேண்டும் என்பதும் தேவையற்ற அவசரம். அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. பாறையும் புல்லும் முட்புதரும் கலந்த அந்த வெட்டவெளிதான் ராசாளி, வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகளின் நிலம். மொட்டையாக இருக்கிறதே என்று மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் நட்டால் அந்த நிலத்தின் குணமே மாறும். நடத்தான் வேண்டும் என்றால் அடிவாரத்தில், ஊர் கைகாட்டும் இடத்தில், ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் முன்பு ஆலோ அரசோ வேம்போ இலுப்பையோ நடுங்கள். முதல் இரண்டு கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று பெயர் சொல்லி முடிவு செய்யாமல் குழி தோண்டாதீர்கள்.

சுனையில் பிளாஸ்டிக் கிடந்தால் எடுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாசி பிடித்திருக்கிறது என்று தண்ணீரை இறைத்து ஊற்றிச் சுரண்டிக் கழுவினால், மயிலுக்கும் கீரிக்கும் குரங்குக்கும் கோடையில் இருந்த ஒரே தண்ணீரும் போய்விடும். சோப்பு, ஷாம்பு கூடவே கூடாது.

குப்பை எடுக்கும்போது உடைந்த பாட்டில்களைத் தனிச் சாக்கில் போடுங்கள், கையுறை கட்டாயம். கற்படுக்கைப் பக்கம் மண்ணுக்குள் புதைந்திருக்கும் பானை ஓட்டுச் சில்லுகளைக் குப்பை என்று அள்ளிவிடாதீர்கள், அவை அந்த இடத்திலேயே இருக்கட்டும். பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது கடைசிக் கட்டத்தில். இருபது சாக்கு சேர்த்து அடிவாரத்தில் குவித்து, அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மறுநாள் நாயும் குரங்கும் சாக்கைக் கிழித்து அத்தனையையும் ஊர் முழுக்க இறைத்துவிடும். வண்டி எத்தனை மணிக்கு வரும், எங்கே வந்து ஏற்றும் என்று தூய்மைப் பணியாளர்களிடமும் பஞ்சாயத்திலும் முந்தின வாரமே பேசி வையுங்கள். வண்டி வராது என்றால் உங்களால் தூக்கிப் போக முடிகிற அளவுக்கு மட்டும் அன்றைக்குப் பொறுக்குங்கள்.