கிளிநொச்சியிலிருந்து தென் ஐரோப்பாவுக்குப் பாறை ஏறப் போகும் சோடிக்கு

நானும் என் கணவரும் வட்டக்கச்சியில் இருக்கிறோம். நான் முகமாலையில் ஏழு வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தேன். அவர் உழவு இயந்திரம் திருத்தும் கராச் வைத்திருக்கிறார். ஒரு புரட்டாதிக் கடைசியில் புறப்பட்டு, ஐந்து கிழமை, முதுகில் பையும் ஒரு நீளக் கயிறுமாகப் பிரான்ஸ், இத்தாலி, கிரேக்கம் என்று மூன்று நாட்டுப் பாறைகளில் ஏறிவிட்டு வந்தோம். பெரிய காசுக்காரராக இல்லாமல், கார் ஓட்டாமல், வன்னியிலிருந்து இதைச் செய்யலாம். எப்படி என்று இனிப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் காலம். ஆனி, ஆடி, ஆவணியில் போகவேண்டாம். 'நாங்கள் பார்க்காத வெயிலா' என்று தோன்றும். ஆனால் பிரச்சினை உடம்பு தாங்குவதில் இல்லை. வெக்கையில் விரல் வியர்த்தால் சுண்ணாம்புக்கல்லில் பிடி வழுக்கும். பங்குனி முதல் வைகாசி வரை, அல்லது புரட்டாதிக் கடைசி முதல் கார்த்திகை வரை நல்லது. நாங்கள் போன ஐப்பசி மாதம் பாறைக்கு நல்ல மாதம், கராச்சுக்குக் கெட்ட மாதம். காலபோக உழவு தொடங்கும் நேரம் அது. அவரின் தம்பி பொறுப்பெடுத்ததால்தான் போக முடிந்தது. வயல் செய்கிறவர்கள் காலபோக அறுவடை முடிந்து, நெல்லு விற்ற காசு கையில் வந்தபிறகு சித்திரைக் கடைசியில் போவதே சரி என்பேன்.

அடுத்தது விசா. ஷெங்கன் விசா ஒன்று எடுத்தால் மூன்று நாட்டுக்கும் போதும். எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான் தங்கலாம். ஆளுக்கு 90 யூரோ கட்டணம். மறுத்தாலும் திருப்பித் தரமாட்டார்கள். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாள் என்பது கடைசிக் கெடு, அதுவரை காத்திருக்கவேண்டாம். எந்த நாட்டில் கூடிய நாள் நிற்கிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பம் போகவேண்டும். எங்களுக்கு முதல்முறை மறுத்தார்கள். மூன்று நாட்டுக்கும் நாட்களைச் சமமாகப் பிரித்து எழுதியிருந்தோம். தங்கும் இடங்களும் தெளிவாக இல்லை. இரண்டாவது முறை பிரான்ஸில் 15 நாள், இத்தாலியில் 9 நாள், கிரேக்கத்தில் 10 நாள் என்று ஒவ்வொரு இரவுக்கும் இடம் காட்டினோம். பாரிஸில் இருக்கும் மச்சாள் தன் ஊர் நகரசபையில், அங்கே 'மேரி' என்பார்கள், எங்களை வீட்டில் தங்கவைப்பதற்கான அத்தாட்சிக் கடிதம் எடுத்து அனுப்பினார். உறவு வீட்டில் தங்குகிறவர்களுக்கு அந்தக் கடிதம் முக்கியம்.

வங்கிப் புத்தகத்தில் காசு ஆறு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கவேண்டும். விண்ணப்பத்துக்கு முதல் கிழமை யாரிடமோ கைமாற்று வாங்கிப் போட்டால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். திரும்பி வருவோம் என்பதற்குக் கராச்சின் பதிவுப் பத்திரமும் காணி உறுதியும் வைத்தோம். 2009இல் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் எங்களில் பலர். பிறப்பு, திருமணப் பதிவுகளின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் முன்னரே எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கே எங்களுக்கு ஒரு மாதம் போனது.

ஏறப் பழகாமல் போகக்கூடாது. வன்னி தட்டை நிலம், பழக மலை இல்லை. நாங்கள் கொழும்பில் செயற்கைச் சுவர் உள்ள உள்ளரங்கு ஒன்றில் மாதத்துக்கு ஒரு சனி ஞாயிறாக எட்டு மாதம் பழகினோம். இரவு பஸ்ஸில் போய், இரவு பஸ்ஸில் வருவோம். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவது வழக்கமானது. ஊரில் இருக்கும் நாட்களில் 12 கிலோ பையைச் சுமந்து விடிய வெள்ளன இரணைமடு அணைக்கட்டில் நடந்தோம். மாமா பனை ஏறிச் சீவிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். தளைநார் போட்டுக் கால் வைப்பதை அவர் ஒருநாள் எனக்குக் காட்டித் தந்தார். "பிள்ளை, கையாலை ஏறாதை. கால் தூக்கும், கை மரத்தை அணைச்சிருந்தாக் காணும்" என்றார். கொழும்பில் சொல்லித்தந்ததும் அதேதான். கையால் தொங்கி ஏறுகிறவர் இரண்டாவது பாறையிலேயே களைத்துப்போவார்.

சாமான்களை அங்கே போய் வாங்குங்கள். டெக்கத்லோன் போன்ற பெரிய கடைகளில் எல்லாம் கிடைக்கும். கயிறு 9.5 முதல் 9.8 மில்லிமீற்றர் தடிப்பில், 70 மீற்றராவது இருக்கவேண்டும். அது மட்டும் நாலரைக் கிலோ வரும். கலிம்னோஸில் 30 மீற்றருக்கு மேல் உயரமான வழிகள் நிறைய இருப்பதால் 80 மீற்றர் எடுத்தால் நிம்மதி. கயிற்றைப் பாறையில் அடித்திருக்கும் போல்ட்டுகளில் மாட்டும் குயிக்ட்ரோ என்ற கொக்கிச் சோடி 16, ஆளுக்கொரு ஹார்னஸ் என்ற இடுப்புப் பட்டி, ஹெல்மெட், ஏறும் சப்பாத்து, விரல் வழுக்காமல் பூசும் சோக் தூள் பை, கீழே நிற்பவர் கயிறு பிடிக்கும் கருவி ஒன்று. நாங்கள் கிரிகிரி என்ற கருவியை வாங்கினோம். யாராவது பாவித்த கயிறோ ஹார்னஸோ மலிவாகத் தந்தாலும் வேண்டாம். அது எப்படி வைக்கப்பட்டது, எத்தனை விழுகை தாங்கியது என்று பார்த்துச் சொல்ல ஒருவராலும் முடியாது.

பெண்களுக்கு ஒரு விஷயம். மோதிரம், காப்பு, தாலிக்கொடி ஒன்றோடும் பாறையில் ஏறக்கூடாது. மோதிரம் பாறை வெடிப்பில் சிக்கினால் விரலே போகும். தாலியைக் கழற்றுவது எனக்குப் பெரிய யோசனையாக இருந்தது. மாமியிடம் நேரே கேட்டேன். "உயிரோடை ரெண்டுபேரும் திரும்பி வாங்கோ, அதுதான் தாலி" என்றார். மச்சாள் வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டுப் போனேன்.

இனிச் சொல்லப்போவதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். கண்ணிவெடி வேலையில் ஒருவர் எவ்வளவு அனுபவசாலி என்று பார்த்து யாரும் சோதனையை விடுவதில்லை. காலையில் அங்கி போட்டால் மற்றவர் வந்து பூட்டைத் தொட்டுப் பார்ப்பார். டிடெக்டர் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் இரும்புத்துண்டில் பிடித்துப் பார்ப்போம். நேற்று வேலை செய்தது என்பது இன்றைக்குக் கணக்கில்லை. பாறையிலும் அப்படியே செய்யுங்கள். ஏறுகிறவர் தரையை விட்டுக் கால் எடுக்க முதல் மற்றவர் நாலு இடத்தைக் கையால் தொடவேண்டும்: ஏறுகிறவரைக் கயிற்றோடு கட்டும் எட்டு வடிவ முடிச்சு, இரண்டு ஹார்னஸ்களின் பட்டி, கயிறு கருவிக்குள் சரியான பக்கமாகப் போகிறதா, கருவியை ஹார்னஸில் மாட்டும் கரபைனர் என்ற வளையம் பூட்டியிருக்கிறதா. கண்ணால் பார்த்தால் போதாது, தொடவேண்டும். பிறகு கயிற்றின் மறுமுனையில் ஒரு முடிச்சு. அந்த முடிச்சு இல்லாவிட்டால், இறக்கும்போது கயிறு முடிந்து கருவிக்குள்ளால் உருவிக்கொண்டு போய்விடும். அப்படி விழுந்தவர்கள் பலர்.

லின் ஹில் என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றிக் கொழும்பில் பழக்கியவர் சொன்னார். உலகத்தின் முதல்தர ஏறுநர்களில் ஒருவராக இருந்த நேரம், 1989இல், தென் பிரான்சின் பியூக்ஸ் பாறையில் முடிச்சை முழுதாகக் கட்ட மறந்து மேலே ஏறி, இறங்கச் சாய்ந்தபோது 20 மீற்றருக்கு மேல் விழுந்தார். மரக்கிளைகள் தாங்கியதால் பிழைத்தார். இத்தாலியில் ஒருநாள் என் கணவரும் முடிச்சைப் பாதி கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒருவர் ஏதோ கேட்க, திரும்பிப் பதில் சொல்லிவிட்டு ஏறக் கையை வைத்துவிட்டார். கயிறு ஹார்னஸுக்குள்ளால் போயிருந்தது, மடித்துக் கட்டவில்லை. நான் தொட்டபோது கயிறு என் கையோடு வந்தது. அன்றைக்கு நாங்கள் மேலே ஏறவில்லை. கீழே இருந்து கச்சான் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்தோம். முடிச்சுக் கட்டும் ஒருவரோடு யாரும் கதைக்கக்கூடாது என்ற சட்டத்தை அன்று போட்டோம்.

அடுத்தது, பாறையில் கூப்பிடும் சொற்கள். இதைத் தமிழில் யாரும் எழுதியதை நான் காணவில்லை. தொடக்கத்தில் நாங்கள் கயிற்றை இழுத்துப் பிடிக்க 'இறுக்கு' என்றும், கொஞ்சம் விட 'இளக்கு' என்றும், கீழே கொண்டுவர 'இறக்கு' என்றும் வைத்திருந்தோம். வீட்டில் சொல்லும்போது மூன்றும் தெளிவாகத்தான் இருந்தன. 25 மீற்றர் உயரத்தில், கடல் காற்றில், மூன்றும் ஒரே சொல்லாகக் கேட்கும். நான் 'இறுக்கு' என்று கத்த, அவர் இறக்கத் தொடங்கினார். அன்று மாலையே மாற்றினோம். இழுத்துப் பிடிக்க 'பிடி'. தளர்த்த 'கயிறு'. கீழே வர 'இறக்கு'. 'விடு' என்ற சொல்லை எதற்கும் பாவிக்கவேண்டாம். சொல்லுக்கு முன்னால் ஆளின் பெயரும் வரவேண்டும், ஏனென்றால் பக்கத்து வழிகளிலும் ஆட்கள் கத்திக்கொண்டிருப்பார்கள். கலியாணம் கட்டி ஒன்பது வருடத்தில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'இஞ்சேருங்கோ' தான். பாறையில் பெயர் சொன்னேன். 'பிடியுங்கோ' என்ற மரியாதையும் மேலே வேண்டாம். சொல் நீண்டால் பாதி காற்றோடு போகும். இதை ஊரிலேயே, கிணற்றடிக்கும் தெருவுக்குமாக நின்று கத்திப் பழகிக்கொண்டு போங்கள்.

எங்களைப்போல எடை வித்தியாசம் உள்ள சோடி என்றால் இதையும் கவனியுங்கள். அவர் 78 கிலோ, நான் 51. அவர் விழுந்தால் நான் பறந்துபோய் முதல் போல்ட்டில் மோதுவேன். முதல் போல்ட்டில் மாட்டும் 'ஓம்' என்ற கருவி ஒன்றை எடெல்ரிட் என்ற கம்பனி செய்கிறது. பாரமானவர் விழும்போது அது கயிற்றில் உராய்வைக் கூட்டி, என்னை நிலத்தில் நிற்க விடுகிறது. நான் அதை வாங்காமல் அவருக்குக் கயிறு பிடிக்கச் சம்மதித்திருக்கமாட்டேன்.

இனி இடங்கள். மார்செய் நகருக்குப் பாரிஸிலிருந்து வேக ரயிலில் மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். நகர பஸ்ஸில் லுமினி பல்கலைக்கழகம் வரை போய் இறங்கி நடந்தால் கலாங்க் என்ற வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளும் நீலக் கடலும். 2012இலிருந்து அது தேசியப் பூங்கா. காட்டுத்தீ ஆபத்தால் ஆனி முதல் புரட்டாதி முடியும் வரை உள்ளே போவதற்குக் கட்டுப்பாடு உண்டு. நாங்கள் ஐப்பசி முதலாம் திகதிக்குப் பிறகு போனதற்கு அதுவும் காரணம். கூடாரம் அடிக்கவோ நெருப்பு மூட்டவோ முடியாது. குடிக்கத் தண்ணீர் எங்கும் இல்லை, ஆளுக்கு மூன்று லீற்றர் சுமந்தோம். வழிகளின் கடினம் 4, 5ஏ, 5பி, 5சி, 6ஏ என்று ஏறிக்கொண்டு போகும். சுவரில் 6ஏ ஏறியவர்கள் இங்கே 4இல் தொடங்குங்கள். முதல் இரண்டு நாள் வழிகாட்டி ஒருவருக்குக் காசு கொடுத்தோம். பயணத்தில் நன்றாகச் செலவழித்த காசு என்றால் அதுதான்.

மார்செயிலிருந்து நீஸ், பிறகு எல்லையில் வென்ரிமில்யா என்று ரயில் மாறி ஒரே பகலில் ஃபினாலே லிகுரே போகலாம். மதில் சூழ்ந்த ஃபினால்போர்கோ என்ற பழைய ஊரில் அறை எடுங்கள். அங்கேயே ஏறுவோருக்கான கடைகள் இருக்கின்றன, வழிப்புத்தகம் வாங்கலாம், பேர்ட்டிப் பாறைக்கு நடந்தே போகலாம். அந்தக் கல் முழுக்க ஓட்டை, எங்கள் ஊர்ப் புற்றுப்போல. ஓட்டைக்குள் இரண்டு விரலை நுழைத்துத் தொங்குவதற்குக் கொஞ்சம் பழகவேண்டும். அங்கே 5சி என்று எழுதியிருந்தால் மற்ற இடத்து 6ஏ என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

எனக்கு மனம் ஒட்டிய இடம் கலிம்னோஸ். மிலானிலிருந்து ஏதென்ஸுக்குப் பறந்து, பிரேயஸ் துறைமுகத்தில் இரவுக் கப்பல் எடுத்தோம். தினமும் ஓடாது, நாள் பார்த்துப் பதியவேண்டும். கோஸ் தீவுக்குப் பறந்து, மஸ்திகாரியிலிருந்து படகிலும் போகலாம். மசூரி என்ற ஊரில் தங்கினால் பாறைகள் நடைதூரம். பிரதான பாறைகளில் காலையில் நிழல், பின்னேரம் வெயில். அதனால் வெள்ளன ஏறிவிட்டு மத்தியானம் கடலுக்குப் போய்விடுவோம். போல்ட்டுகளுக்கிடையே தூரம் குறைவு, வழிகளும் எழுதியிருக்கும் கடினத்தைவிட இலேசு. புதிதாக வருகிறவர்கள் இந்தத் தீவுக்கு மட்டும் வந்தாலே காணும். ஆடுகள் மேலே மேய்ந்து கல் உருட்டும். கீழே நிற்கும்போதும் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். இந்தத் தீவின் பழைய தொழில் கடற்பஞ்சு குளிப்பது. 19ஆம் நூற்றாண்டில் காற்றுக் குழாய் உடுப்பு வந்தபிறகு ஆழத்திலிருந்து கெதியாக ஏறி வந்து, உடம்பு செயலிழந்தவர்கள் ஏராளம். மன்னார்க் கடலில் சங்கு குளித்தவர்களை நினைத்துக்கொண்டு அந்தக் கிழவர்களின் படங்களை நெடுநேரம் பார்த்தேன்.

சாப்பாட்டுக்குப் பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைகள் உள்ள லாச்சப்பலில் தூள், பருப்பு, அரிசி வாங்கிச் சமையலறை உள்ள அறைகளில் சமைத்தோம். ஊரிலிருந்து இறைச்சியோ பால் பொருட்களோ கொண்டுபோக விடமாட்டார்கள்.

விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி கட்டாயம். ஆனால் சாதாரண காப்புறுதி பலவற்றில் பாறை ஏறுதல் சேராது. சிறு எழுத்தை வாசித்து, சேர்ந்த ஒன்றை மேலதிகக் காசு கொடுத்து எடுங்கள். விபத்தென்றால் மூன்று நாட்டிலும் 112. நிற்கும் பாறையின் பெயரை ஏற முதல் இருவரும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். அழைக்கும் நேரத்தில் அதுதான் முதலில் கேட்பார்கள்.

திரும்பி வந்ததும் கயிற்றை வெறும் தண்ணீரில் உப்புப்போக அலசி, நிழலில் காயவிடுங்கள். வெயில் நைலோனைத் தின்னும். பற்றரி அசிட்டின் ஆவி பட்டாலும் பழுது. ஆகவே கராச்சில் வைக்க இவரை நான் விடவில்லை, வயலுக்கு அடிக்கும் மருந்து இருக்கும் கொட்டிலிலும் வைக்கவில்லை. எங்கள் படுக்கையறையில், மாமியின் பழைய பருத்திச் சேலையில் சுற்றி, அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. மாதம் ஒருமுறை எடுத்து, முழு நீளத்தையும் விரல்களுக்கிடையில் விட்டு, எங்காவது மெலிந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறோம். அவர் ஒருமுறை, நான் ஒருமுறை.