வீட்டிலேயே தாய்லாந்து அரிசிக் கஞ்சி: ஜோக்கும் காவ் தோமும்

பினாங்கிலிருந்து ஹாட்யாய்க்குப் போய்வரும் நம் குடும்பங்கள் டொம்யாமைப் பற்றியும் மாம்பழத்தோடு தரும் பசையரிசிச் சோற்றைப் பற்றியும் பேசும் அளவுக்கு, அங்கே விடியற்காலையில் ஆவி பறக்க விற்கும் அரிசிக் கஞ்சியைப் பற்றிப் பேசுவதில்லை. கஞ்சி என்றதும் நம் மனம் காய்ச்சல்காரரின் கட்டிலுக்குப் போய்விடுகிறது, அல்லது நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் வாங்கிவரும் நோன்புக் கஞ்சியிடம் போய் நிற்கிறது. தாய்லாந்துக்காரருக்கோ அது காலைப் பசிக்கும் நள்ளிரவுப் பசிக்கும் உரிய முழுச் சாப்பாடு. வீட்டில் செய்வது கடினமில்லை. நம் கைப்பழக்கம்தான் குறுக்கே நிற்கும். சட்டியில் கொதிக்கும்போதே எல்லாச் சுவையையும் ஏற்றிவிடப் பார்ப்போம். மஞ்சளோ மசாலாவோ போடாமல் விட்டால் ஏதோ குறைவதாகத் தோன்றும். இந்தக் கஞ்சியில் சட்டிக்குள் இருப்பது அரிசி மணமும் எலும்புச் சாற்றின் இனிமையும் மட்டுமே கொண்டு மிதமாக இருக்க வேண்டும். காரமும் உப்பும் புளிப்பும் இறைச்சியிலும், மேலே தூவும் பொருள்களிலும், உண்பவர் தம் கிண்ணத்தில் தாமே சேர்த்துக்கொள்வதிலும் இருக்கின்றன.

தென்சீனாவிலிருந்து குடியேறியவர்களோடு தாய்லாந்துக்கு வந்த இந்த உணவு அங்கே முக்கியமாக இரண்டு வகையாக நிற்கிறது. அரிசி உருத்தெரியாமல் கரைந்து பாலாடைபோல் வழுவழுப்பாக இருப்பது ஜோக். சோற்றுப் பருக்கைகள் முழுதாக இருக்க, தெளிந்த சாறு சூழ்ந்து நிற்பது காவ் தோம். முன்னதற்குப் பொறுமை வேண்டும். பின்னது சோறு கையிருப்பில் இருந்தால் கால் மணி நேர வேலை.

அரிசியும் சாறும்

ஜோக்குக்கு மல்லிகை மணமுள்ள தாய்லாந்துப் பச்சரிசியின் நொய்தான் உகந்தது. நொய் கிடைக்காவிட்டால் அதே அரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, பிளெண்டரில் இரண்டு மூன்று முறை விட்டுவிட்டுச் சுற்றினால் ஒவ்வொரு பருக்கையும் மூன்று நான்காக உடையும், மாவாகிவிடக் கூடாது. வீட்டில் இருக்கிறதே என்று புழுங்கலரிசியைப் போட வேண்டாம். நெல்லிலேயே அவிக்கப்பட்ட அந்த அரிசி குழையாமல் விறைத்து நிற்கும் இயல்புடையது, பாஸ்மதியும் அப்படித்தான். மல்லிகை அரிசியில் அமிலோஸ் என்னும் மாவுச்சத்து குறைவாக இருப்பதால்தான் அது விரைவில் இளகிச் சாற்றோடு ஒன்றிப்போகிறது. அதன் மணத்துக்கு முதன்மைக் காரணமான சேர்மமே பாண்டான் இலையிலும் இருக்கிறது. ஆகவே அரிசி பழையதாகி மணம் குறைந்திருந்தால் ஒரு பாண்டான் இலையை முடிந்து சட்டியில் போடலாம். புது அரிசிக்கு அது தேவையில்லை.

தாய்லாந்தில் சாறு பெரும்பாலும் பன்றி எலும்பில்தான் வைக்கப்படுகிறது. நம் வீடுகளில் பலருக்கும் பொருந்துவது கோழி எலும்பும் கோழிக்காலும். ஒரு கிலோ எலும்பைக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுத்துக் கழுவிவிட்டு, மூன்று லிட்டர் தண்ணீரில் ஒரு வெள்ளை முள்ளங்கி, தட்டிய இரண்டு கொத்தமல்லி வேர், ஒரு தேக்கரண்டி வெள்ளை மிளகு ஆகியவற்றோடு ஒன்றரை மணி நேரம் சிறு தீயில் வைக்க வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் சாறு கலங்கும். ஜோக்குக்குக் கலங்கினாலும் குற்றமில்லை, காவ் தோமுக்குத் தெளிவு வேண்டும். பட்டை, கிராம்பு, சோம்பு எதற்கும் இங்கே இடமில்லை. சைவ வீடுகளில் உலர்ந்த ஷீத்தாக்கே காளான், முள்ளங்கி, சோயா மொச்சை முளை மூன்றையும் முக்கால் மணி நேரம் வேகவைத்தாலே நல்ல சாறு கிடைத்துவிடும்.

கொத்தமல்லி வேரைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். பூண்டு, மிளகு, கொத்தமல்லி வேர் மூன்றையும் சேர்த்து இடிக்கும் விழுது தாய்லாந்துச் சமையலின் அடித்தளங்களில் ஒன்று. நாம் இலையைக் கிள்ளிக்கொண்டு குப்பையில் எறியும் வேரில்தான் மண் வாடையோடு கூடிய அழுத்தமான மணம் இருக்கிறது. பேரங்காடிகளில் பெரும்பாலும் வேரை நறுக்கிவிட்டே கட்டு கட்டி வைத்திருப்பார்கள். புலாவ் திக்குஸ், சௌராஸ்தா போன்ற காலைச் சந்தைகளில் வேரோடு கேட்டு வாங்கலாம். நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து உறைபெட்டியில் வைத்தால் பல வாரங்கள் கெடாது. வேர் அறவே கிடைக்காதபோது தண்டின் அடிப்பகுதியை இரு மடங்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஜோக் செய்யும் முறை

நான்கு பேருக்கு 200 கிராம் நொய்யும் இரண்டு லிட்டர் சாறும் வேண்டும். நொய்யை ஒரே முறை மென்மையாக அலசி, அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் பிசறி வையுங்கள். அடிகனமான சட்டியில் சாறு நன்றாகக் கொதித்த பிறகே அரிசியைக் கொட்ட வேண்டும். ஆறிய நீரில் போட்டால் நொய் அடியில் படிந்து ஒட்டிக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் அகப்பையால் அடியைத் தொட்டுக் கிளறுங்கள். அடுத்த இருபது நிமிடம் மூடியைச் சற்றே திறந்துவைத்துச் சிறு தீயில் விட்டுவிடலாம். கடைசிப் பத்து பதினைந்து நிமிடம் மறுபடியும் சட்டியருகில் நிற்க வேண்டியிருக்கும், ஏனென்றால் கெட்டிப்படத் தொடங்கியதும் அடிபிடிப்பதும் தொடங்குகிறது. அகப்பையைத் தூக்கினால் கஞ்சி நூலாக இறங்காமல், சொட்டுச் சொட்டாகவும் விழாமல், ஒரே பட்டையாக வழிய வேண்டும், அதுதான் பதம். கெட்டியாகிவிட்டால் கொதிக்கும் சாற்றை ஊற்றி இளக்கலாம், பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. குக்கரில் செய்வோர் பாத்திரத்தின் பாதி அளவுக்கு மேல் நிரப்பலாகாது, நொய் நுரைத்து ஆவித்துளையை அடைத்துவிடக்கூடும். பிறகு எப்படியும் திறந்த சட்டியில் ஐந்து நிமிடம் கிளறினால்தான் வழுவழுப்பு வரும்.

பாங்காக்கில் சாரோன் குருங் சாலையிலுள்ள ஜோக் பிரின்ஸ் என்ற கடையின் கஞ்சிக்கு, அடி இலேசாகத் தீய்ந்த புகை மணமே பெயர் வாங்கித் தந்திருக்கிறது. வீட்டில் அதை முயலாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. புகை மணத்துக்கும் கருகிய கசப்புக்கும் இடைவெளி மிகக் குறைவு. அடிபிடித்துவிட்டால் சுரண்டாமல் மேலுள்ளதை வேறு சட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

கஞ்சி வேகும் நேரத்தில் இறைச்சியைப் பிசையலாம். கொத்திய கோழித் தொடைக்கறி 250 கிராம் எடுத்து, இரண்டு கொத்தமல்லி வேர், மூன்று பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி வெள்ளை மிளகு ஆகியவற்றை உரலில் நைய இடித்த விழுதோடு ஒரு மேசைக்கரண்டி உப்புக் கிச்சாப் (சோயா சாஸ்), ஒரு தேக்கரண்டி சிப்பி சாஸ், அரைத் தேக்கரண்டி சீனி, இரண்டு தேக்கரண்டி மரவள்ளி மாவு சேர்த்து, கறி கையில் ஒட்டும்வரை ஒரே திசையில் பிசைய வேண்டும். மிளகு சரவாக் வெள்ளை மிளகாக இருந்து, அப்போதைக்கப்போது இடித்ததாகவும் இருந்தால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. கருமிளகு வேண்டாம், நிறமும் கெடும், மணமும் வேறு. நெஞ்சுக்கறி வெந்ததும் வறண்டுவிடும் என்பதால்தான் தொடைக்கறியைச் சொல்கிறேன். கஞ்சி பதத்துக்கு வந்ததும் நெல்லிக்காய் அளவில் கிள்ளி நேரே கொதிக்கும் கஞ்சியில் போடுங்கள். உருண்டை பிடிக்கத் தேவையில்லை, கரடுமுரடாக இருப்பதே அழகு. நான்கு ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். ஒன்றைப் பிளந்து பார்த்து உள்ளே இளஞ்சிவப்பு இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முட்டையைச் சேர்ப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கிண்ணத்தை வெந்நீரில் கழுவிச் சூடாக்கி, குளிர்ப்பெட்டியிலிருந்து முன்பே எடுத்து வைத்த முட்டையை அதில் உடைத்துவிட்டு, அடுப்பில் குமிழியிட்டுக்கொண்டிருக்கும் கஞ்சியை அப்படியே அதன்மேல் ஊற்றி, ஒரு நிமிடம் கையை வைக்காமல் விட வேண்டும். வெண்கரு வெளுத்து இறுகும், மஞ்சள்கரு குழம்பாகவே இருக்கும். கோப்பிக் கடையில் அரைவேக்காட்டு முட்டை சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இது பிடிக்காமல் போகாது. குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் முதியவர்களுக்கும் முட்டையைச் சட்டியிலேயே உடைத்துப் போட்டு முழுதாக வேகவைத்துத் தருவதே முறை.

மேலே தூவுவன

நம் தாளிப்பு செய்யும் வேலையை இங்கே பூண்டு எண்ணெய் செய்கிறது. பத்துப் பல் பூண்டைத் தோலின் உள்ளடுக்கோடு சேர்த்துக் கொரகொரப்பாக நறுக்கி, ஆறு மேசைக்கரண்டி எண்ணெயில், எண்ணெய் காய்வதற்கு முன்பே போட்டு, சிறு தீயில் கிளறுங்கள். முதலில் சலசலவென்று நுரைக்கும். பூண்டிலுள்ள ஈரம் வற்ற வற்ற அந்த ஓசை அடங்கும். ஓசை அடங்கி, பூண்டு வெளிர் பொன்னிறத்துக்கு வந்த கணத்தில் வடிகட்டியில் கொட்டிவிட வேண்டும். சட்டியில் இருக்கும்போதே நிறம் சரியாக இருக்கிறது என்று நினைத்து நின்றால், வெளியே எடுத்த பிறகும் அது சிவந்துகொண்டே போய்க் கசந்துவிடும். பொரிந்த பூண்டையும் எண்ணெயையும் தனித்தனியே வைத்திருந்தால் மொறுமொறுப்பு இருக்கும். மிஞ்சிய எண்ணெயைக் குளிர்ப்பெட்டியில் வைத்துச் சில நாள்களுக்குள் தீர்த்துவிடுங்கள். அறை வெப்பத்தில் வைக்கக் கூடாது.

இதோடு இளம் இஞ்சியை மயிரிழையாக அரிந்து தண்ணீரில் போட்டு எடுத்தது, வெங்காயத்தாள், கொத்தமல்லித் தழை, வெள்ளை மிளகுத்தூள் ஆகியவை போதும். சாக்கோய் (எண்ணெயில் பொரித்த நீள மாவுத் துண்டு) இருந்தால் துண்டாக்கித் தொட்டுக்கொள்ளலாம். காலையில் வாங்கியது துவண்டிருந்தால் ஏர் ஃபிரையரில் மூன்று நிமிடம் வைத்தால் மறுபடி மொறுமொறுப்பாகும். மெல்லிய மீஹூனைக் கொதிக்கும் எண்ணெயில் பொரித்து மேலே நொறுக்கிப் போடுவதும் உண்டு. மேசையில் உப்புக் கிச்சாப்பும், வினிகரில் ஊறிய பச்சை மிளகாயும் வைத்துவிட்டு, அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள்.

காவ் தோம்

மீன் காவ் தோமுக்குக் கொடுவா மீன் சிறந்தது. சந்தையில் சியாக்காப் என்று கேட்டால் கிடைக்கும். இரண்டு பேருக்கு ஒன்றரைக் கோப்பைச் சோற்றைக் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசிப் பருக்கைகளைப் பிரித்து வடியவைக்க வேண்டும், அப்போதுதான் சாறு கலங்காது. ஒரு லிட்டர் சாற்றில் இரண்டு வில்லை லெங்குவாஸ் (அரத்தை), ஒன்றரை மேசைக்கரண்டி மீன் சாஸ் போட்டுக் கொதிக்கவிட்டு, விரல் அகலத் துண்டுகளாக நறுக்கிய மீனை மெல்ல இறக்கி, கிளறாமல் மூன்று நிமிடம் வேகவிடுங்கள். கிளறினால் மீன் உதிர்ந்து வாடை ஏறும். பிறகு சோற்றைச் சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, பொடியாக அரிந்த சீனச் செலரித் தழை, பொரித்த பூண்டு, ஒரு தேக்கரண்டி தாங் சாய் தூவ வேண்டும். தாங் சாய் என்பது உப்பும் பூண்டும் சேர்த்துப் பதப்படுத்திய கோசு. சீனர் மளிகைக் கடைகளில் கிடைக்கும். தொட்டுக்கொள்ள, புளிக்கவைத்த சோயா மொச்சையான தாவ்சூ ஒரு மேசைக்கரண்டியை நசுக்கி, பச்சை மிளகாய், துருவிய இஞ்சி, சிறிது சீனி, வினிகர் கலந்து வைத்தால் மீனுக்கு மிகப் பொருத்தமாக இருக்கும். காவ் தோம் காத்திருக்காது. சோறு சாற்றைக் குடித்து ஊதிவிடும் என்பதால் எல்லாரும் மேசையில் அமர்ந்த பிறகே சோற்றைச் சேர்க்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு: எதுவும் சேராத வெறுங்கஞ்சியைப் பல தொடுகறிகளோடு உண்ணும் காவ் தோம் குய். தியோச்சியூ கஞ்சி சாப்பிட்டுப் பழகிய பினாங்குக்காரருக்கு இதில் புதுமை ஏதுமில்லை. உப்பு வாத்து முட்டையை நறுக்கி, சின்ன வெங்காயம், சிலி பாடி (சிறு கார மிளகாய்), எலுமிச்சைச் சாறு பிசறினால் ஒரு தொடுகறி. உப்பு முள்ளங்கி போட்ட முட்டைப் பொரியலும், தாவ்சூவும் பூண்டும் போட்டுப் பெருந்தீயில் வதக்கிய கங்கோங் கீரையும் இருந்தால் விருந்துதான். நெத்திலி சம்பல் இதோடு சேருமா என்று கேட்டால், தாய்லாந்து முறை அதுவன்று, ஆனால் நம் வீட்டில் யார் தடுக்கப்போகிறார்கள்.

ஒன்பது பேரரசர் விழாவின்போது தாய்லாந்திலும் பினாங்கிலும் அம்பாங்கிலும் சைவ விரதம் இருப்போர் பூண்டும் வெங்காயமும் சேர்ப்பதில்லை. அத்தகைய விருந்தினருக்குப் பூண்டு எண்ணெய்க்கு மாற்றாக, இஞ்சியை நல்லெண்ணெயில் பொரித்துச் சேர்க்கலாம்; தாங் சாயிலும் பூண்டு இருப்பதை மறந்துவிடக் கூடாது.

முன்னாள் இரவுச் சோற்றைக் காவ் தோமுக்கு எடுத்துவைப்பதானால், வடித்த ஒரு மணி நேரத்துக்குள் தட்டில் பரப்பி ஆறவிட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் இரவெல்லாம் மேடையில் கிடந்த சோற்றில் பெருகும் சில நுண்ணுயிரிகளின் நஞ்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. ஜோக் மிஞ்சினால் முட்டை சேர்க்காத பங்கை மட்டும் இரண்டு நாள்வரை குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். அது கட்டியாக உறைந்திருக்கும்; முதலில் அரைக் கோப்பைச் சாற்றைக் கொதிக்கவிட்டு, கட்டியை அதில் சிறிது சிறிதாக உடைத்துப்போட்டுக் கிளறினால் திரியாமல் பழைய வழுவழுப்புக்குத் திரும்பிவிடும்.