இரண்டு ‘பி’யையும் பிரிக்க ஒரு பஸ் டிக்கெட்

பிள்ளைக்கு ஆங்கிலத்தின் இரண்டு ‘பி’யும் குழம்பினால், பஸ் டிக்கெட் போன்ற மெல்லிய தாள் ஒன்றை உதட்டுக்கு இரண்டு விரல் தள்ளித் தொங்கவிடுங்கள். பேனைக்கான ‘பென்’ சொல்லும்போது தாள் துள்ளும். ‘பஸ்’ சொல்லும்போது ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

பன்றியையும் பெரியதையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டும் ‘பிக்’தான். நமக்கு இரண்டு ஒலிக்கும் ஒரே ‘ப’ என்பதால் காது பிரித்துக் கேட்பது கஷ்டம். கண்ணால் பார்த்தால் பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும். ‘பென்’னின் முதல் ஒலி ஆங்கிலத்தில் மூச்சோடு வெடிக்கிறது, தாளைத் தள்ளுவது அந்த மூச்சு. ஆகவே முதலில் நீங்கள் அப்படிச் சொல்லிக் காட்ட வேண்டும். நம் ‘பல்’, ‘படம்’ போலச் சொன்னால் தாள் அசையாது. கொழும்பில் சிங்கள எழுத்தும் படிக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் லேசு, அதில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு.

‘ஸ்பூன்’ போல முன்னால் ‘ஸ்’ வந்தாலோ, ‘கப்’ போலச் சொல்லின் கடைசியில் வந்தாலோ இது சரிவராது. ஓடும் ஃபேனுக்குக் கீழேயும் வேண்டாம்.