ஒரே ஒரு ஸ்மார்ட் பிளக்கை வைத்துக் கரண்ட் பில்லைக் குறைப்பது எப்படி?

தமிழ்நாட்டில் வீட்டுக்குக் கரண்ட் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. எது எவ்வளவு இழுத்தது என்று பில்லைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதிலும் 500 யூனிட் என்று ஒரு கோடு இருக்கிறது. அதைத் தாண்டினால் மிஞ்சிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ளதில் ஒரு பகுதிக்கும் ரேட் ஏறிவிடும். 490-இல் நிற்பதும் 510-இல் நிற்பதும் ஒன்றல்ல.

இதற்காக வீடு முழுக்க ஸ்மார்ட் பல்பு மாட்டாதீர்கள். 9 வாட் எல்இடி பல்பில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? சுவர் சாக்கெட்டுக்கும் சாதனத்துக்கும் நடுவே மாட்டி, போனிலிருந்து ஆன், ஆஃப் செய்யும் ஸ்மார்ட் பிளக் ஒன்று போதும். முதலில் அளந்து பார்ப்போம்.

1. செலவில்லாமல் மீட்டரைப் பாருங்கள்

ஈபி மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணி நேரம் (3600 விநாடி) ஓடுவது, பெருக்கினால் 36 லட்சம். அதை 3200-ஆல் வகுத்தால் 1125. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போனில் ஸ்டாப்வாட்சை எடுங்கள். முதல் மினுக்கலை பூஜ்ஜியம் என்று எண்ணத் தொடங்கி, பத்து வரை எத்தனை விநாடி என்று பாருங்கள். 30 விநாடி ஆனால் ஒரு மினுக்கலுக்கு 3 விநாடி. 1125-ஐ 3-ஆல் வகுத்தால் 375. அந்த நிமிடத்தில் வீடு இழுப்பது 375 வாட்.

இப்போது ஃபேன், லைட், ஏசி எல்லாவற்றையும் நிறுத்தி, ஃபிரிட்ஜையும் இரண்டு நிமிடம் அணைத்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். அப்போதும் விளக்கு மினுக்கினால், "ஆஃப்" என்று நாம் நினைக்கும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

2. பிளக் வாங்கும்போது

எல்லா ஸ்மார்ட் பிளக்கும் அளக்காது. டாப்போ பிராண்டில் பி100 என்ற மாடல் ஆன், ஆஃப் மட்டும் செய்யும். பி110-தான் யூனிட்டையும் காட்டும். எந்தப் பிராண்டானாலும் அட்டையில் "எனர்ஜி மானிட்டரிங்" இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் ஆம்பியர். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கை அதில் மாட்டினால் சூடேறி உருகிவிடக்கூடும். 16 ஆம்பியர்தான் வேண்டும். ஒன்று போதும், இடம் மாற்றி மாற்றி வைக்கலாம். பிளக்கே ஒரு வாட் அளவுக்குச் சாப்பிடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

3. இணைப்பது

ஆப்பை இறக்கி, பிளக்கின் பட்டனை விளக்கு வேகமாக மினுக்கும்வரை அழுத்திப் பிடித்தால் ஆப் கண்டுபிடித்துக்கொள்ளும். கிடைக்கவில்லையா? பெரும்பாலும் காரணம் வைஃபைதான். இந்தப் பிளக்குகளில் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே சேரும், 5-இல் சேராது.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: கரண்ட் போய் வந்தால் பிளக் என்ன செய்ய வேண்டும் என்ற செட்டிங். ஃபிரிட்ஜில் மாட்டும்போது அது "ஆன்" ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் வெளியூரில் இருக்கும்போது கரண்ட் போய் வரும், ஃபிரிட்ஜ் மட்டும் வராது. மாவு புளித்து நாறும்.

4. ஒவ்வொன்றாக அளப்பது

ஃபிரிட்ஜை ஒரு நாள் முழுக்க விடுங்கள். கம்ப்ரஸர் ஓடி ஓடி நிற்பதால் ஐந்து நிமிட அளவை நம்ப முடியாது.

டிவி செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்துவிட்டுப் பாருங்கள். பல பாக்ஸ்கள் அப்போதும் கிட்டத்தட்ட அதே வாட்டை இழுக்கும். 10 வாட் என்றாலும் 60 நாளில் 14 யூனிட் போய்விடும்.

சீலிங் ஃபேனைப் பிளக்கில் மாட்ட முடியாதே என்பீர்கள். வீட்டில் யுபிஎஸ் இருந்தால் வழி உண்டு. பல வீடுகளில் ஃபேன், லைட் லைன் முழுக்க யுபிஎஸ் வழியாகத்தான் வருகிறது. அதன் மூன்று முள் பிளக்கை ஸ்மார்ட் பிளக்கில் செருகி, ஒவ்வொரு ஃபேனாகப் போட்டுப் பாருங்கள், ஏறும் வாட் தெரியும். பேட்டரி முழுதாக நிறைந்த பிறகு அளந்தால்தான் கணக்கு சரியாக வரும். பழைய ஃபேன் 75 வாட் காட்டும். பிஎல்டிசி ஃபேன் (கரண்டை மிச்சம் பிடிக்கும் மோட்டார் உள்ள புது வகை) 30 சொச்சம்தான். தினம் 16 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனை மாற்றினாலே இரண்டு மாதத்தில் 38 யூனிட் அளவுக்குக் குறையும்.

5. இனிக் குறைப்பது

15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 55-க்குக் கொண்டுபோக 2000 வாட் கீசருக்குக் கால் மணி நேரம் போதும், செலவு அரை யூனிட். குளித்து முடித்த பிறகும் ஓடினால், ஆறும் சூட்டைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கும். ஆப்பில் 20 நிமிடத்தில் தானாக அணைய டைமர் வையுங்கள்.

ஏசிக்கு இந்தப் பிளக் வேண்டாம். ஓடும் கம்ப்ரஸரைத் திடீரென்று துண்டிப்பது நல்லதல்ல. ரிமோட்டில் உள்ள டைமரே போதும். ஸ்டார் லேபிள் உள்ள ஏசிகள் 2020 முதல் 24 டிகிரியில்தான் தொடங்குகின்றன. ஃபேனையும் போட்டுக்கொண்டு 26 வைத்துப் பாருங்கள்.

ரீடிங் எடுத்த அன்று மீட்டரைப் போனில் படம் பிடித்து வையுங்கள். 30-ஆம் நாள் மறுபடி பாருங்கள். இடையில் ஓடியது 250 யூனிட்டைத் தாண்டியிருந்தால், ஏசி டைமரை ஒரு மணி நேரம் முன்னதாக அணையும்படி மாற்றுங்கள். இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறது.