எஃப்.எஃப்.எஃப். கதிரில் இ.பி.ஐ.டி. தகடு நிரம்பிவிடுகிறதா? சோதிக்கும் முறை

மணவாளக்குறிச்சி மணலில் ஜி.எம். கவுண்டரை (கெய்கர் கதிர்மானி) வைத்து அளந்து பழகியவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. மோனசைட்டில் உள்ள தோரியம் இடைவிடாமல் கதிர் விடுவதால் அங்கே அது போதும். கதிர் சிகிச்சை தரும் லீனாக் கருவியில் கதிர் சில மைக்ரோ விநாடி நீளத் துடிப்புகளாக, விநாடிக்குச் சில நூறு முறை வருகிறது. ஒரு துடிப்புக்குள் எத்தனை போட்டான் வந்தாலும் ஜி.எம். அதை ஒன்று என்றே எண்ணும். விநாடிக்கு 360 துடிப்பு என்றால் எண்ணிக்கை 360-ஐத் தாண்டாது. லீனாக்கில் கதிரைப் படமாக்கும் இ.பி.ஐ.டி. தகடு அப்படி இல்லை, ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு; அதைத் தாண்டினால் தகடு நிரம்பி, கூடுதல் கதிரைக் காட்டாது. கதிரைச் சமனாக்கும் வடிப்பான் இல்லாத எஃப்.எஃப்.எஃப். கதிரில் இதைக் கவனிக்க வேண்டும். எஸ்.பி.ஆர்.டி. (சில அமர்வுகளில் அதிக டோஸ் தரும் சிகிச்சை) திட்டத்தைத் தகட்டில் சரிபார்க்கும் முன் அந்த எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் கட்டியின் நடுவில் டோஸ் குறைவு என்று படம் பொய் சொல்லும்.

படி 1. டார்க் ஃபீல்ட் (கதிர் இல்லாத படம்), ஃப்ளட் ஃபீல்ட் (தகடு முழுவதும் கதிர் விழும் படம்) இரண்டையும் அன்றே புதிதாக எடுங்கள். ஃபிரேம்களை (தகடு ஒவ்வொரு முறை வாசிக்கும்போது கிடைக்கும் படங்களை) தனித்தனியாகச் சேமியுங்கள்.

படி 2. கேன்ட்ரி (கதிர்த் தலையைச் சுழற்றும் பகுதி) 0 டிகிரி, புலம் 10×10 செ.மீ., தகடு கதிர்மூலத்திலிருந்து 150 செ.மீ.யில், ஒவ்வொரு முறையும் 100 எம்.யூ. (லீனாக்கின் டோஸ் அலகு) என்று வைத்து, டோஸ் ரேட்டை மட்டும் கீழிருந்து மேலே மாற்றுங்கள். உங்கள் கருவி சராசரிப் படம் தந்தால் அதை ஃபிரேம் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும்.

படி 3. பலரும் தடுமாறும் இடம் இது, நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலான லீனாக்குகளில் டோஸ் ரேட்டைக் குறைத்தால் துடிப்புகளின் எண்ணிக்கைதான் குறைகிறது, ஒவ்வொரு துடிப்பின் டோஸும் அப்படியே இருக்கிறது. 600 எம்.யூ./நிமிடம், விநாடிக்கு 360 துடிப்பு என்றால் 100 செ.மீ.யில் துடிப்புக்குச் சுமார் 0.28 மி.கிரே. அதே 360 துடிப்பில் 6 எம்.வி. எஃப்.எஃப்.எஃப். 1400-இல் 0.65, 10 எம்.வி. எஃப்.எஃப்.எஃப். 2400-இல் 1.1.

காற்றில் உண்டாகும் அயனிகளைச் சேகரித்து டோஸை அளக்கும் அயன் சேம்பரைப் பாதிப்பது துடிப்புக்கான டோஸ்: அயனிகள் மின்முனையைச் சேருமுன் ஒன்றோடொன்று இணைந்துவிடும். தகட்டின் கணக்கு வேறு. அதில் கதிர் முதலில் ஒளியாகிறது; ஃபோட்டோடயோடு அந்த ஒளியால் வரும் மின்னூட்டத்தை, அடுத்து வாசிக்கப்படும் வரை சேர்த்து வைக்கிறது. எனவே ஒரு ஃபிரேமுக்குள் விழும் மொத்த ஒளிதான் அங்கே முக்கியம்; அது டோஸ் ரேட்டோடு தூரத்தையும் பொறுத்தது. ஆகவே படி 2 மட்டும் போதாது. எஃப்.எஃப்.எஃப். கதிரில், தகட்டை 180-இலிருந்து 100 செ.மீ. வரை படிப்படியாக உயர்த்தியும் எடுக்க வேண்டும். 180-இல் கிடைப்பது 100-இல் உள்ளதில் ஏறக்குறைய 31 சதவீதம்.

படி 4. அதே தூரங்களில் அயன் சேம்பரால் அளந்து, சர்வதேச அணுசக்தி முகமையின் டி.ஆர்.எஸ். 398 நெறிமுறையில் உள்ள இரு மின்னழுத்த முறையில், அயனி இணைவால் வரும் இழப்பைத் திருத்துங்கள். ஃபார்மர் சேம்பர் வேண்டாம் என்பேன். எஃப்.எஃப்.எஃப். கதிரின் கூரான உச்சியை அதன் நீளம் சராசரியாக்கிவிடும். 0.125 சி.சி. போதும். நம் கடற்கரை ஈரத்தில் கேபிள் கனெக்டர் கசியும், துடைத்து உலரவிட்ட பிறகே மாட்டுங்கள்.

படி 5. ஃபிரேம்களை இமேஜ்ஜே என்ற பட ஆய்வு மென்பொருளில் திறங்கள். எக்செல்லை வரைபடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கட்டம் போட்டுச் சராசரி எடுத்தால் ஒன்றும் தெரியாது, ஏனெனில் எஃப்.எஃப்.எஃப். கதிரில் முதலில் நிரம்புவது நடுப்பகுதி. நடுவில் சிறு கட்டம் போடுங்கள். 14 பிட் என்பதால் 16383 என்ற எண்ணைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். டார்க் ஃபீல்டைக் கழித்ததும் உச்சம் அதற்குக் கீழே இறங்கிவிடும். சேம்பர் அளவு ஏறும்போது தகட்டின் கோடு மேசைபோல் தட்டையாகிறதா என்று பாருங்கள்.

தட்டையானால் தகட்டைக் கீழே இறக்குங்கள், அல்லது டோஸ் ரேட்டைக் குறையுங்கள். வேரியன் நிறுவனத்தின் பழைய ஏ.எஸ்.1000 தகட்டுக்கு எஃப்.எஃப்.எஃப்.-இன் உச்ச ரேட்டில் 100 செ.மீ. ஒத்துவராது. அதன் பின் வந்த ஏ.எஸ்.1200 தாங்கும்.

பின்சேர்க்கை: 5 எம்.யூ.வில் அளவு குறைகிறதே, அதுவும் நிரம்பலா என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மாணவி கேட்டார். இல்லை. சிலிக்கானில் சிக்கும் மின்னூட்டம் ஈடாகுமுன்பே கதிர் நின்றுவிடுகிறது, சில கருவிகளில் கடைசி ஃபிரேமும் விடுபடுகிறது. ஒவ்வொரு டோஸ் ரேட்டிலும் 5, 10, 20, 50, 100 எம்.யூ. எடுத்துத் தனி வளைகோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.