சின்னக் கடல்நீர்த் தொட்டிக்குப் பம்ப் வாங்கும்போது விடும் பிழைகள்

மீன் தொட்டித் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பின் பெட்டியில் மணிக்கு 3000 லீற்றர் என்று போட்டிருந்தால் அது 1200 போட்டதைவிட நல்ல பம்ப் என்று நினைத்துத்தான் பலரும் வாங்குகிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டில் இருக்கும் என் இரண்டடித் தொட்டியில் தண்ணீர் வெறும் 60 லீற்றர். மறுநாள் காலையில் பார்த்தால் மணல் முழுக்க ஒரு மூலையில் குவிந்து, எதிர் மூலையில் அடிக்கண்ணாடி தெரிகிறது, இரண்டு கிளவுன் மீனும் கல்லுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது. மீன்களும் கொஞ்சம் மென்பவளமும் என்றால், தொட்டித் தண்ணீரைப்போல 10 முதல் 20 மடங்கு ஒரு மணித்தியாலத்தில் சுற்றினால் போதும். எனக்கு அது 600 முதல் 1200 லீற்றர்.

ஆனால் கொழும்பில் லீற்றருக்கு முன்னால் பார்க்க வேண்டியது வோட்ஸ். இணையத்தில் வாசிக்கும் ஆலோசனைகளில் பாதிக்குமேல் குளிர்நாட்டுக்காரர் எழுதியவை, அவர்கள் தொட்டிக்கு ஹீட்டர் போடுகிறவர்கள், பம்பின் சூடு அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. தண்ணீருக்குள் ஓடும் பம்ப் இழுக்கும் கரண்ட் அத்தனையும் கடைசியில் அந்தத் தண்ணீரில்தான் சூடாக இறங்கும். 30 வோட்ஸ் பம்ப் ஒன்று, சூடு வெளியே போகாவிட்டால், 60 லீற்றரை மணிக்கு அரை டிகிரியளவு ஏற்றிவிடும். வெளியே போகத்தான் செய்யும், சரி, ஆனால் ஏப்ரல் பகலில் அறையே 32 டிகிரியில் கொதிக்கும்போது எவ்வளவுதான் போகும்? தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஒட்சிசன் குறையும், உப்புத்தண்ணீரில் அது நல்ல தண்ணீரைவிட ஏற்கனவே குறைவு.

இங்கேதான் அடுத்த பிழை. தண்ணீரை மேலே ஏற்றுவதற்கான பம்பைத் தொட்டிக்குள் போட்டுச் சுற்றவிடுகிறார்கள். அது ஒடுங்கிய குழாயால் பீய்ச்சும், 1200 லீற்றருக்கு 20 வோட்ஸ் வரை இழுக்கும். விசிறிபோல இதழ் வைத்த சுழற்சிப் பம்ப் அதே அளவை 5 வோட்ஸில், அகலமாகப் பரப்பித் தள்ளும்.

கடையிலேயே முன்மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். சுழலும் காந்தத்தைக் கையால் இழுத்தால் வந்துவிடும், அதன் நடுவிலுள்ள அச்சு வெள்ளைப் பீங்கானாக இருக்க வேண்டும். உப்பில்லாத நல்ல தண்ணீருக்கான பம்புகள் சிலவற்றில் இருக்கும் உலோக அச்சை உப்பு தின்னும், துருப்பிடித்து இறுகும்.

கனடாவிலிருந்து வரும் மாமாவிடம் பம்ப் சொல்லிவிடுபவர்களும் கவனம். அங்கே 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230, 50. ட்ரான்ஸ்போமர் போட்டால் வோல்ற் சரியாகும், ஹேர்ட்ஸ் மாறாது, சாதாரண ஏசி பம்ப் மெதுவாகத்தான் சுற்றும். டிசி பம்ப் என்றால் அடப்டரில் 100 முதல் 240 வரை என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பிரச்சினை இல்லை. என்னைக் கேட்டால் விலை கூடினாலும் டிசியே வாங்கலாம். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்படி ஒரு நாளில் 12 வோல்ற் டிசி பம்பை ஒரு பற்றரியில் நேரே ஓட்டலாம், ஏசி பம்புக்கு இன்வேர்ட்டரும் தேவை.

அப்புறம் வைக்கும் இடம். பவளத்துக்கு நேரே திருப்பினால் அதன் சதை கிழியும். நான் இப்போது நீர்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே, முகத்தைச் சற்று மேலே சாய்த்து, எதிர்க்கண்ணாடியில் பட்டுத் திரும்பும்படி வைத்திருக்கிறேன். மேற்பரப்பு லேசாக நெளிந்துகொண்டே இருக்கிறது, மணல் கிடந்த இடத்தில் கிடக்கிறது.