வாயில் கரையும் மாத்திரையைச் சோதிப்பது எப்படி?

விழுங்கச் சிரமப்படும் முதியவருக்கும், குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காத நோயாளிக்கும் நாக்கில் வைத்ததும் கரையும் மாத்திரை பெரிய உதவி. ஸ்டான்லி மருத்துவமனையின் புறநோயாளிகள் பகுதியில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தாலே, இந்தச் சோதனையை யாருக்காகச் செய்கிறோம் என்பது விளங்கிவிடும். தண்டையார்பேட்டையில் பி.ஃபார்ம். மாணவர்களுக்குச் செய்முறை கற்றுத்தரும் நான், மாத்திரையை உருவாக்கும் கட்டத்தில் இச்சோதனையை நடத்தும் முறையை இங்கே எழுதுகிறேன்.

பேச்சில் ‘கரைகிறது’ என்று சொன்னாலும், ஆய்வகத்தில் சிதைதல் வேறு, கரைதல் வேறு. மாத்திரை உடைந்து துகளாவது சிதைதல். அந்தத் துகளிலுள்ள மருந்து நீரில் கலப்பது கரைதல். வாயில் நோயாளி உணர்வது பெரும்பாலும் முதலாவதைத்தான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இவ்வகை மாத்திரை ஏறக்குறைய 30 விநாடிகளுக்குள் சிதைய வேண்டும் என்கிறது. மருந்துகளின் தர அளவுகளை வகுக்கும் ஐரோப்பிய மருந்து நூல் 3 நிமிடம் வரை இடம் தருகிறது. எந்த அளவுகோலின்படி உருவாக்குகிறீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

சிதைதலை அளக்கும் வழக்கமான கருவியில் ஆறு குழாய்கள் உள்ள கூடை, 37 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் நிமிடத்துக்கு 29 முதல் 32 முறை ஏறி இறங்கும். குழாய்க்கு ஒரு மாத்திரை போட்டு, குழாயின் அடியிலுள்ள வலையின்மேல் கட்டி எதுவும் மிஞ்சாத நேரத்தைக் குறிக்க வேண்டும். இது அவசியமே, ஆனால் இதை மட்டும் நம்பிவிடக் கூடாது. கருவியில் மாத்திரையைச் சுற்றிப் பெரிய பீக்கர் நிறையத் தண்ணீர் இருக்கிறது. வாயிலோ ஒரு நேரத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர் உமிழ்நீர்தான் இருக்கிறது. கருவியில் நன்றாகத் தேறிய மாத்திரை நாக்கில் மாவாக ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

ஆகவே, குறைந்த நீரில் செய்யும் நனைவுச் சோதனையை நான் முதலில் வைக்கச் சொல்வேன். 10 செ.மீ. விட்டமுள்ள பெட்ரி தட்டில், அதே அளவில் வட்டமாக வெட்டிய ஐந்து டிஷ்யூ காகிதங்களை அடுக்கி, இயோசின் போன்ற சாயம் கலந்த 10 மி.லி. தண்ணீரை ஊற்றுங்கள். காகிதம் முழுதும் நனைந்த பிறகு, மாத்திரையை இடுக்கியால் மெதுவாக நடுவில் வைத்து அந்தக் கணமே ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். பொறையை டீயில் தொட்டால் அடியிலிருந்து ஈரம் ஏறுவதுபோல, சிவப்பு நிறம் மாத்திரையின் விளிம்பில் ஏறும். பிறகு மேற்பரப்பில் உள்நோக்கி நகரும். கடைசியில் நடுவில் மிளகளவு வெண்புள்ளி மட்டும் எஞ்சி நிற்கும். அந்தப் புள்ளியும் சிவக்கும் நேரமே நனைவு நேரம். புள்ளி நெடுநேரம் மறையாமல் நின்றால், மாத்திரையை அழுத்திச் செய்தபோது அழுத்தம் மிகுந்து உள்ளே நுண்துளைகள் அடைபட்டுவிட்டன என்று சந்தேகிக்கலாம். விளிம்பு கொழகொழவென்று பிசினாகி அதற்குமேல் நிறம் நகரவில்லை என்றால், சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட்டின் அளவு கூடிவிட்டதா என்று பாருங்கள். அது ஊதிப் பெருத்து மாத்திரையை உடைக்கும் பொருள், அதாவது சிதைப்பான்தான் என்றாலும், அளவு மீறினால் கூழாகி நீரின் வழியையே அடைத்துவிடும். இன்னொரு சிதைப்பானான கிராஸ்போவிடோன் அவ்வளவாகக் கூழாவதில்லை.

தண்ணீர் விஷயத்தில் வடசென்னைக்காரர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் ஏறியது ஊரறிந்த செய்தி. உப்பேறிய நீரில், மின்னேற்றம் கொண்ட சிதைப்பான்களின் வீக்கம் குறையும். அதனால் போர் தண்ணீரைத் தொடாமல், சுத்திகரிக்கப்பட்ட நீரையே பயன்படுத்துங்கள்.

அடுத்த எதிரி காற்றின் ஈரம். ஐப்பசி மாதத்து மாலை ஒன்றில், புதிதாக அழுத்திய மாத்திரைகளை மூடாத தட்டில் விட்டுவிட்டுச் சென்றேன். காலையில் எடுத்தபோது விரல் பட்ட விளிம்பு சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. சிதைப்பான் நீரைத் தேடும் பொருள். அதற்குக் காற்றின் ஈரமும் நீர்தான். அழுத்திய கையோடு, ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய கலமான டெசிகேட்டருக்குள் வையுங்கள், ஒவ்வொரு சோதனைக்கும் தேவையானதை மட்டும் வெளியே எடுங்கள், அறையின் ஈரப்பதத்தை முடிவுகளுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

உறுதியையும் உடன் பார்க்க வேண்டும். மாத்திரைகளை உருட்டி விழவைத்து உதிர்வை அளக்கும் ஃப்ரையபிலேட்டரில் நிமிடத்துக்கு 25 சுற்று வீதம் 4 நிமிடம் சுழற்றி, எடை இழப்பு 1 விழுக்காட்டைத் தாண்டவில்லையா என்று பாருங்கள். தாண்டினால் அழுத்தத்தைக் கூட்டத் தோன்றும். கூட்டியதும் நனைவுச் சோதனையை மீண்டும் செய்யாமல் விடாதீர்கள்.

மனித நாக்குக்குச் செல்வது கடைசிப் படி. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், பங்கேற்பவர் விளக்கம் பெற்று எழுத்தில் தந்த சம்மதமும் இல்லாமல், நண்பர் என்றோ மாணவர் என்றோ எவர் நாவிலும் வைக்கக் கூடாது. முதலில் மருந்து சேர்க்காத மாத்திரையைக் கொடுப்பது நல்லது. பங்கேற்பவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, மாத்திரையை நாக்கின் நடுவில் வைத்து, கடிக்காமல் நாக்கை மேலண்ணத்தில் இலேசாக அசைக்கட்டும். கட்டி எதுவும் தட்டுப்படாத கணத்தில் அவர் கையை உயர்த்த, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். துப்பிக் கொப்பளித்த பிறகு, மணல்போல் நெருடியதா, கசந்ததா, மேலண்ணத்தில் ஒட்டியதா என்று தனித்தனியாகக் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மேனிட்டால் என்ற இனிப்புப் பொருளைச் சேர்த்திருந்தால் ‘ஜில்லென்று இருந்தது’ என்றும் சொல்வார்கள்.